இரண்டாவதாகப் பார்ப்பவர்

எங்கள் பிரிவில் ஒரு விலங்குக்கு மூளைச்சாவு வந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் போதாது. இரண்டாவது ஒருவர் வந்து, முதலாமவரின் முடிவைக் காதில் போட்டுக்கொள்ளாமல், எல்லாச் சோதனையையும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். இதை உங்களுக்கு முதல் கிழமையிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். அந்த இரண்டாவது ஆளை எப்படித் தெரிவு செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். எங்கள் காலத்துத் தலைவர் அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். முதலாமவர் பிழைவிட்டால் யாருக்கு அதிகம் சந்தோசமோ, அவரையே இரண்டாவதாக நிறுத்துவார்.

அந்த வழக்கத்தினால் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதியை ஒரே ஆளுக்குப் பின்னால் இரண்டாவதாக நின்று கழித்தேன். அவர் பெயர் றிஸ்மியா. முஸ்லிம் ஊரான ஏறாவூரிலிருந்து வந்த பெண். என்னைவிட வயதில் இளையவர், வேலையில் கெட்டிக்காரர். முதலாவதை அவர் வந்த அன்றே தெரிந்துகொண்டேன். மற்றதைத் தெரிந்துகொள்ள ஒரு செத்த பன்றி சாகாமல் இருக்க வேண்டியிருந்தது.

நேற்று வந்து சேர்ந்தவர்களுக்காக வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து சிறுநீரகத்தையோ இதயத்தையோ எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துகிறார்கள். ஆனால் மூளை சாகும்போது உடம்பில் ஒரு புயல் அடிக்கிறது. இரத்த அழுத்தம் எகிறி, பிறகு விழுந்து, கொடுக்கவிருக்கும் உறுப்பையே பழுதாக்கிவிடுகிறது. அந்தப் பழுதைத் தடுக்க வழி தேட வேண்டுமானால், அதே புயலை ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும் ஒரு விலங்கில் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக உண்டாக்கத் தெரிய வேண்டும். மண்டையோட்டில் துளையிட்டு, சிறிய பலூன் ஒன்றை உள்ளே வைத்து, உப்புநீரால் நிரப்புவோம். மூளைக்குப் போகும் இரத்தம் நின்றுவிடும். சுவாச இயந்திரத்தின் தயவில் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். அதன் பிறகு மயக்கத்தை இறக்கி, மூளை உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்ப்போம். இந்த இடத்தில் பிழைவிட்டால் ஆய்வு பொய்யாகும். அதைவிடப் பெரிய கேடு, வலி உணரக்கூடிய ஓர் உயிர் மயக்கமில்லாமல் மேசையில் கிடக்கும்.

நான் பன்றியில் வேலை செய்தேன். உலகத்தில் பலரும் அப்போது பன்றியில்தான் செய்தார்கள். ஆய்வுகூடத்துக்குப் பின்னால், வாவியைப் பார்த்தபடி என் பன்றிக் கொட்டில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் பழுகாமத்துத் தவராசா. அவர் வைத்த பெயரால்தான் எல்லோரும் என்னை முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள்: பண்டி டொக்டர்.

றிஸ்மியா வந்த அன்று தலைவரின் அறையில் நானும் இருந்தேன்.

“பண்டிய நான் தொடுவன் சேர். தேவைக்குத் தொட்டா, கழுவுற முறையில கழுவினாச் சரி,” என்றார். “ஆனா இஞ்ச வேல செய்யிற ஆக்கள்ல பாதிப்பேர் ஏறாவூரும் காத்தான்குடியும். ஒவ்வொரு நாளும் அந்தக் கொட்டிலுக்க போங்க எண்டு அவங்களுக்குச் சொல்ல ஏலா. நான் ஆட்டுல செய்யிறன்.”

ஆடு அசைபோடும் விலங்கு, மயக்கத்தில் வயிறு ஊதும், இரைப்பைத் தண்ணீர் தொண்டைக்கு ஏறும், பலர் முயன்று கைவிட்டது என்று நான் சொன்னேன்.

“ஓம், ஊதும்,” என்றார். “குழாய் போடுவம்.”

தலைவர் சிரித்தார். “போட்டுப் பாருங்க புள்ள.”

என் பன்றிக்கு அவர் முதல்முறை இரண்டாவதாக நின்றதை எழுதுகிறேன். நான் எல்லாம் பார்த்து முடித்திருந்தேன். கண்மணியில் வெளிச்சத்துக்கு அசைவில்லை. விழியைத் தொட்டால் இமை துடிக்கவில்லை. இருமல் இல்லை, மூச்சு இல்லை. உடல் வெப்பம் திரையில் சரியாகவே இருந்தது. றிஸ்மியா வந்தார். கருவிகளைத் தொடவில்லை. பன்றியின் காதைப் பிடித்துப் பார்த்தார். பிறகு வெப்பமானியின் வயரை விரலால் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் போனார்.

“வயர் எங்க போகுது டொக்டர்?”

அது பன்றிக்குள் போகவில்லை. நழுவி விழுந்து, பன்றிக்குக் கீழே விரித்திருந்த சூடான மெத்தையில் கிடந்தது. நான் இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தது மெத்தையின் வெப்பத்தை. குளிரூட்டிய அறையில் அந்த விலங்கு மிகவும் குளிர்ந்திருந்தது. குளிர்ந்த மூளை செத்த மூளையைப் போலவே நடிக்கும். மயக்கத்தை ஏற்றி, உடம்பைச் சூடாக்கி, மீண்டும் பார்த்தோம். இமை துடித்தது.

றிஸ்மியா இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கோபம் ஆறக்கூடியது. அவர் சொல்லாமல் விட்டார், என் அறைக்கு வந்து தேநீர் குடித்தார், அவருடைய ஆடுகளைப் பற்றிப் பேசினார். சொன்னது தவராசாதான். மறுநாள் காலையில் வாசலிலேயே ஒருவர் கேட்டார்: “என்ன டொக்டர், உங்கட பண்டி செத்து எழும்பிட்டாமே?”

அதன்பிறகு நான் றிஸ்மியாவைக் கவனிக்கத் தொடங்கினேன். வேலை நேரத்தில் அவ்வளவு கவனமாக நான் வேறு எதையும் கவனித்ததில்லை.

என் பன்றிகள் மத்தியானம் தாண்டுவதில்லை. பலூனை நிரப்பியதும் அழுத்தம் எகிறும், விழும், இதயம் நின்றுவிடும். பன்றியின் குணம் அப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய ஆடுகள் அடுத்த நாள் காலைவரை நின்றன. எப்படி என்று பார்த்தேன். மருந்தில் இரகசியம் ஒன்றுமில்லை. கொஞ்சம் நிரப்புவார், நிறுத்துவார், கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்து நிற்பார். இரத்த அழுத்தம் தன் இடத்துக்குத் திரும்பிய பிறகுதான் மேலும் நிரப்புவார். காத்திருப்பது மட்டும்தான் அவருடைய முறை. அதை என்னாலும் செய்திருக்க முடியும் என்பதுதான் என்னை வருத்தியது. செய்ய முடியாத ஒன்றை அவர் செய்திருந்தால் நான் நன்றாக நித்திரை கொண்டிருப்பேன்.

தலைவர் என் வாசலில் நின்றபடி பேசிவிட்டுப் போவார். றிஸ்மியாவின் அறையில் கதிரையை இழுத்துப்போட்டு உட்காருவார். மருத்துவ மாணவர்கள் கேள்வி கேட்க அங்கேயே போனார்கள். பெருநாளுக்கு றிஸ்மியா வட்டிலப்பம் கொண்டுவந்தார். நான் இரண்டு துண்டு தின்றேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவும் எனக்கு ஒரு குறையாகவே இருந்தது.

பொறாமையை விட்டுவிடுங்கள் என்று உங்களுக்குப் பலர் புத்தி சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். சொன்னாலும் நீங்கள் விடப்போவதில்லை. பொறாமைக்காரரின் கண் சம்பளமில்லாமல் மேலதிக நேரம் வேலை செய்யும். நண்பர் பார்க்காமல் தாண்டிப்போகிற இடத்தில் அது நின்று பார்க்கும். ஒன்றை மட்டும் காத்துக்கொள்ளுங்கள். எதைத் தேடுவது என்று பொறாமை சொல்லலாம். என்ன கிடைத்தது என்று கைதான் சொல்ல வேண்டும்.

நான் தேடிய விதம் இது. ஆட்டில் றிஸ்மியாவுக்குத் தெரியாத ஒன்றையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவுசெய்து, ஆட்டின் வயிற்றைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். அறுவடை முடிந்த வயல் வட்டைகளில் தவராசாவின் ஆடுகள் மேயும். விடுமுறை நாட்களில் பழுகாமத்துக்குப் போய், வயல் வெளியில் ஆடுகளைப் பிடித்து நிறுத்தி, இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் குழியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். உள்ளே பெரிய இரைப்பை புரளும். யாரோ போர்வைக்குள்ளிருந்து முட்டியை மெதுவாக நகர்த்துவதுபோல் வந்து, கையைத் தூக்கிவிட்டு, போய்விடும். கொஞ்சம் பொறுத்து மறுபடி வரும்.

தவராசா ஒரு கயிற்றோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன டொக்டர், கட்சி மாறப் போறீங்களா?”

“சும்மா பாக்கிறன்.”

“சும்மா பாக்க நாவற்குடாவில இருந்து வாவி தாண்டிப் படுவான்கரைக்கு ஆரும் வருவாங்களா?”

அந்தப் புரளலுக்கு உத்தரவு மூளைத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து ஒரு நரம்பு வழியாகப் போகிறது. மூளைத்தண்டு செத்தால் அந்த ஒழுங்கான அலை நின்றுவிட வேண்டும். கண், இமை, இருமல், மூச்சு என்று நாங்கள் பார்த்த சோதனைகள் எல்லாம் மனிதருக்கென்று வகுத்தவை. மனிதருக்கு அசைபோடும் இரைப்பை இல்லை. ஆகவே யாரும் அந்த இடத்தில் கை வைக்கவில்லை. மயக்க மருந்தே இரைப்பையை அடக்கிவிடும் என்பதால் அதில் பெரிதாக ஏதும் தெரியவராது என்றே நானும் நினைத்தேன். ஆனாலும் றிஸ்மியாவின் ஆட்டுக்கு இரண்டாவதாக நிற்கும்போதெல்லாம், எல்லாம் முடிந்த பிறகு என் இடது கையை அங்கே வைப்பேன். ஒவ்வொரு முறையும் அமைதியாகவே இருந்தது.

“அதில என்ன தேடுறீங்க டொக்டர்?” என்று ஒருமுறை கேட்டார்.

“ஆட்டுட வயிறு. மூளைத்தண்டு செத்தா அதுவும் நிக்க வேணும்தானே.”

“அது சரிதான்,” என்றார். அவ்வளவுதான். அவர் மறுத்திருந்தால் எனக்கு உற்சாகமாக இருந்திருக்கும்.

பிறகு கொழும்பிலிருந்து நிதிக் குழு வந்தது. இனி ஒரு வகை விலங்குக்கு மட்டும்தான் பணம் என்று முடிவாகியிருந்தது. றிஸ்மியாவின் ஆட்டை அவர்கள் முன்னால் செய்துகாட்ட வேண்டும். அது சரிவந்தால் ஆட்டு வேலை நிலைக்கும், என் கொட்டில் மூடப்படும், நான் மாணவர்களுக்குப் பாடம் நடத்தப் போவேன். சரிவராவிட்டால் எதிர்மாறு. கூட்டித் துடைப்பவர்வரை எல்லோருக்கும் இது தெரியும். இரண்டாவதாக நிற்கப்போவது நான் என்பதும் தெரியும். அன்றைக்காவது தலைவர் வேறொருவரை நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை.

மாரிகாலம். விடிந்ததிலிருந்து மழை. பலூனை வைக்கும் நேரத்தில் மின்சாரம் போனது. மின்பிறப்பாக்கி வேலைசெய்யத் தாமதமானது. அந்தத் தாமதத்தில் ஆட்டுக்கு நோகக்கூடாது என்று வலி மருந்தை வழமையைவிடக் கூட்டிக் கொடுத்தார்கள். சரியான தீர்மானம். அதற்குரிய விலை, அந்த மருந்து இறங்கும்வரை கூடுதலாகக் காத்திருப்பது. ஆனால் விருந்தினர் காத்திருந்தார்கள். வெள்ளம் ஏறுகிறது, பாதை மூடிவிடும் என்று அவர்களுடைய சாரதி இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனார். காத்திருப்பதையே தன் முறையாக வைத்திருந்த றிஸ்மியா அன்றைக்குக் காத்திருந்தது போதவில்லை. எல்லாவற்றையும் பார்த்தார். எதிலும் அசைவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் தொடங்கினேன். கண்மணி, இமை, இருமல். சுவாச இயந்திரத்தைக் கழற்றி, ஒட்சிசனை மட்டும் விட்டு, மூச்சு வருகிறதா என்று பார்த்தோம். நெஞ்சு எழவில்லை. குழுவில் ஒருவர் குடையை எடுத்துவிட்டார். இயந்திரத்தைத் திரும்பப் பொருத்தினோம். நான் என் இடது கையை ஆட்டின் இடப்பக்கக் குழியில் வைத்தேன்.

ஒன்று புரண்டது.

காற்றுக் குமிழியாக இருக்கலாம். குமிழி ஒருமுறை நகர்ந்தால் நகர்ந்ததுதான். இரைப்பை என்றால் திரும்ப வரும். நான் கையை எடுக்காமல் நின்றேன். குழுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் தலைவர் ஆட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆசையை உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் எதிர்பார்க்கும் ஆசை அல்ல அது. இல்லை என்று சொல்லி அவரைக் கவிழ்க்கும் ஆசை எனக்கு எப்போதும் இருந்தது, அதோடு பழகியிருந்தேன். அன்றைக்கு வந்தது ஆம் என்று சொல்லும் ஆசை. சொன்னால் கொட்டில் போய்விடும், ஆனால் தன் இழப்பைத் தானே அறிவித்த மனிதன் என்று அந்த அறை முழுக்க என்னைப் பார்க்கும். றிஸ்மியாவை விட உயரமாக நான் நிற்கக்கூடிய ஒரே இடம் அதுதான். இல்லை என்றால் எல்லோருக்கும் நான் பொறாமைக்காரன். இரண்டு பதிலிலும் எனக்கு ஏதோ ஒன்று இருந்தது. ஆட்டுக்கு ஒன்றில் மட்டும்தான் இருந்தது.

இரண்டாவது முறை புரண்டது.

“இன்னும் இல்ல,” என்றேன்.

மழைச் சத்தம் கேட்டது. கதவருகில் ஒருவர் இன்னொருவரிடம் மெதுவாகச் சொன்னதும் கேட்டது: “கொட்டிலக் காப்பாத்திட்டாரு மனிசன்.”

எந்தச் சோதனையில் என்று குழுத் தலைவர் கேட்டார். இரைப்பை என்றேன். அது உங்கள் சோதனைகளில் இல்லையே என்றார். ஆம், இல்லை என்றேன்.

எங்கள் தலைவர் றிஸ்மியாவின் பக்கம் திரும்பினார். அவர் அந்த இடத்தில் இல்லை. நான் சொல்லி முடித்தபோதே போய் மயக்க மருந்தைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார். யார் சொன்னது சரி என்று பார்ப்பதற்கு முன்னால் அதைச் செய்தார். பிறகு வந்து என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார்.

“எத்தின தரம்?”

“ரெண்டு.”

இருவரும் நின்றோம். மூன்றாவது, கொஞ்சம் பலவீனமாக, எங்கள் இரண்டு கைகளுக்கும் கீழே வந்து போனது.

“நான் சொன்னது பிழை,” என்று அவர் குழுவைப் பார்த்துச் சொன்னார். “இண்டைக்கு இத முடிக்க ஏலா.”

குழுத் தலைவர் பணிவாகவே பேசினார். இது வெறும் காற்றாக இருக்கலாமே என்றார். இதைச் சொன்னவருக்கு இதன் முடிவில் ஒரு நலன் இருப்பதாகத் தான் அறிவதாகவும் சொன்னார்.

“அவருக்கு என்னில பொறாமை சேர்,” என்றார் றிஸ்மியா. “இஞ்ச எல்லாருக்கும் தெரியும். அதுக்குத்தான் அவர இஞ்ச நிப்பாட்டி வெச்சிரிக்கி. அவரு சொன்னத்த நம்ப வேணாம். வாங்க, உங்கட கைய வெச்சுப் பாருங்க.”

யாரும் வரவில்லை. நான் ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை வருடம் நான் மறைத்து வைத்திருப்பதாக நினைத்த ஒன்றை அவர் ஒரு கருவியின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டார். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மயக்கம் ஆழமாக இருக்கும்போதே ஆட்டை அமைதியாக முடித்தோம். பிறகு இரத்தத்தைப் பரிசோதித்தபோது வலி மருந்து போதிய அளவு இறங்கியிருக்கவில்லை என்று தெரிந்தது. மூச்சையும் மற்ற அசைவுகளையும் மருந்து அடக்கி வைத்திருந்தது. இரைப்பை முந்திக்கொண்டு எழும்பிவிட்டது. விருந்தினர் வெள்ளத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். ஆட்டுக்கு நிதி வரவில்லை, முடிவு அடுத்த குழுவுக்குத் தள்ளிப்போனது.

என்னைப் பலர் பாராட்டினார்கள். கையைப் பிடித்துக் குலுக்கி, கண்ணைச் சிமிட்டி, “நல்ல அடி” என்றார்கள். நான் கையில் உணர்ந்ததைச் சொன்னேன் என்று ஒருவரும் நம்பவில்லை. நம்பியவர் ஒருவர்தான். யாரை நான் வெல்ல நினைத்தேனோ அவர்.

றிஸ்மியா அடுத்த நாளே வேலையைத் தொடங்கினார். மருந்து முழுதாக இறங்கியதென்று இரத்தம் சொல்லும்வரை காத்திருப்பது முதல் விதி. இடப்பக்கத்தில் கை வைத்து, ஓர் அலைக்குப் போதுமான நேரத்தைப் போல் பல மடங்கு நிற்பது கடைசி விதி. அடுத்த குழு வந்தபோது எல்லாம் ஒழுங்காக முடிந்தது. இரண்டாவதாக நின்றவன் நான். என் கைக்குக் கீழே ஒன்றும் வரவில்லை. ஆம் என்றேன். என் கொட்டில் மூடப்பட்டது. தவராசா ஆட்டுப் பக்கம் போனார்.

“நான் கட்சி மாறிட்டன் டொக்டர்,” என்றார். “உங்களுக்குச் சொல்லாமப் போகக் கூடாதெண்டு வந்தன்.”

கட்டுரை எழுதியபோது என் பெயரை இரண்டாவதாகப் போடுவதாக றிஸ்மியா சொன்னார். மேசையில் இரண்டாவதாக நிற்பதே போதும், காகிதத்தில் வேண்டாம் என்றேன். இப்போது வெளியிடங்களில் ஆட்டில் வேலை செய்பவர்கள் இடப்பக்கத்தில் கை வைப்பதை அவருடைய கண்டுபிடிப்பு என்கிறார்கள். அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து அதைத் திருத்துகிறாராம். அந்தத் திருத்தத்திலும் என்னைவிட அவரே நல்லவராகத் தெரிகிறார்.

ஓய்வுபெற்ற பிறகு, போன மாதம் ஒருமுறை பிரிவுக்கு வந்திருந்தேன். றிஸ்மியாதான் இப்போது தலைவர் என்பது உங்களுக்குத் தெரியும். மேசையில் ஓர் ஆடு. அவர் பார்த்து முடித்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே என்னிடம் வந்து நின்றார். உள்ளே இரண்டாவதாக ஓர் இளம் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் புள்ளைக்கு என்னக் கண்ணுல காட்ட ஏலா,” என்றார் றிஸ்மியா. “அவட திட்டத்த நான் வெட்டிட்டன்.”

“மறுகா ஏன் அவவ நிப்பாட்டியிருக்கிறீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக அந்தப் பெண்ணைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். அறையில் எல்லோரும் தன்னை விரும்பும்போது, விரும்பாத ஒருவரை மட்டும் நம்பியிருக்கும் பார்வை. பல வருடங்கள் அது எனக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

உள்ளே அந்தப் பெண் இடது கையை ஆட்டின் இடப்பக்கத்தில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், காலை மாற்றி நின்றார்கள், ஒருவர் இருமினார். கை அசையவில்லை.

அவர் உங்களில் ஒருவர். இதை வாசிக்கும்போது தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவருக்கு விளங்கும். நான் கதவுக்கு வெளியே நின்று அவருடைய வேலையில் ஒரு பிழையைத் தேடினேன். அவர் கையை எடுக்கும்வரை தேடினேன். கிடைக்கவில்லை.